ராக் கலைஞர்களின் தன்வரலாறுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராக் இசையைப் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். அந்தக் கலைஞர்களின் வாழ்க்கையை வாசிக்கலாமென்று இரண்டு புத்தகங்கள் வாங்கினேன். இரண்டிலும் போதை, வழக்கு, ஹோட்டல் அறையை உடைத்த கதைதான். இசை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எதில் தொடங்கலாம்? இவர்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கே.

அன்புள்ள கே.,

எந்தப் புத்தகங்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஊகிக்க முடிகிறது. லெட் செப்பலின் குழுவைப் பற்றிய ‘ஹேமர் ஆஃப் த காட்ஸ்’ (1985) நன்றாக விற்றதிலிருந்து அந்தச் சரக்குக்குத் தனிச் சந்தையே உண்டு. மோட்லி க்ரூ குழுவின் ‘த டர்ட்’ (2001) அதன் உச்சம். அதிலாவது நான்கு பேரும் மாறி மாறிப் பேசுவதால், ஒருவர் மறைத்ததை இன்னொருவர் போட்டுடைத்துவிடுகிறார்.

இசைதான் வேண்டுமென்றால் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிடார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் ‘லைஃப்’ (2010). வம்பு அதிலும் ஏராளம். ஆனால் ஓப்பன் ஜி என்ற சுருதி சேர்ப்பு முறை பற்றிய பக்கங்களை விட்டுவிடாதீர்கள். கிடாரின் தடித்த ஆறாம் தந்தியைக் கழற்றிவிட்டு, மிச்ச ஐந்தையும் ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி சேர்க்கிறார். எங்கும் விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி மேஜர் கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) வந்துவிடும். ‘ஹாங்கி டாங்க் விமன்’ பாட்டை ஓடவிட்டு வாசியுங்கள். கார்டுகளுக்கு அடியில் தம்புராபோல ஒரு சுருதி விடாமல் ரீங்கரிப்பது பிடிபடும். புத்தகத்தை எழுத உதவியவர் ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற பத்திரிகையாளர். பிரபலங்களின் தன்வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது, குறையாக நினைக்க வேண்டியதில்லை.

நம்பகம் பற்றிய கேள்விக்கு ‘த பேண்ட்’ குழுவையே எடுத்துக்கொள்ளலாம். டிரம்மரும் பாடகருமான லெவன் ஹெல்ம், ‘திஸ் வீல்ஸ் ஆன் ஃபயர்’ (1993) நூலில், சேர்ந்து உருவாக்கிய பாட்டுகளின் உரிமை குழுவின் கிடார் கலைஞர் ராபி ராபர்ட்சனின் பெயருக்கே போய்விட்டது என்று குமுறுகிறார். ராபர்ட்சனின் ‘டெஸ்டிமனி’ வந்தது 2016இல். ஹெல்ம் இறந்து நான்கு வருடமாகிவிட்டது, மறுத்துப் பேச ஆளில்லை. அதிலும் கதை 1976இல் நடந்த ‘லாஸ்ட் வால்ட்ஸ்’ என்ற விடைபெறும் கச்சேரியோடு நின்றுவிடுகிறது. கசப்பு முற்றியது அதற்குப் பிறகுதான். ஒரு தன்வரலாறு எந்த வருடத்தில் முடிகிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் யார் எங்கே நழுவுகிறார்கள் என்று தெரியும்.

நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபெய்ன் விஷயம் வேறு மாதிரி. வீட்டைவிட்டு வெளியேறி, சொந்த ஊரான அபர்டீனில் (அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம்) ஓர் ஆற்றுப் பாலத்தடியில் வாழ்ந்ததாக அவரே சொல்லிவந்தார். மைக்கேல் அஸெராடின் ‘கம் ஆஸ் யூ ஆர்’ (1993) அவருடைய பேட்டிகளை வைத்து எழுதப்பட்டது. சார்லஸ் கிராஸின் ‘ஹெவியர் தேன் ஹெவன்’ (2001) மற்றவர்களையும் விசாரிக்கிறது. ஆற்றில் தினமும் நீர் ஏறி இறங்கும், அந்தச் சேற்றுக் கரையில் குடியிருக்க முடியாது என்கிறார் குழுவின் பேஸ் கலைஞர் கிறிஸ்ட் நோவோசெலிச். ஆனால் அதே கிராஸ், கோபெய்னின் கடைசி நேரத்தை அருகிலிருந்து பார்த்தவர்போல எழுதிவிடுகிறார். யாரும் அங்கே இல்லை. அந்த இடத்தை நாவலாகத்தான் படிக்க வேண்டும்.

பிறர் எழுதிய வாழ்க்கை வரலாறென்றால் வாங்குமுன் பின்பக்கங்களைப் புரட்டுங்கள்: யாரை எப்போது பேட்டி எடுத்தார், எந்த ஆவணத்தைப் பார்த்தார் என்று குறிப்புகள் இருக்கின்றனவா? எல்விஸ் பற்றி பீட்டர் குரால்னிக் எழுதிய இரண்டு தொகுதிகள், ‘லாஸ்ட் ட்ரெயின் டு மெம்ஃபிஸ்’ (1994), ‘கேர்லெஸ் லவ்’ (1999), இதில் முன்மாதிரி. முதல் தொகுதி 1958இல், தாயின் மரணத்தோடும் ராணுவத்துக்காக ஜெர்மனி கிளம்புவதோடும் முடிகிறது. அது மட்டும் போதுமென்றாலும் சரிதான்.

பாப் டிலனின் ‘க்ரானிக்கிள்ஸ்’ (2004) நூலைத் தகவலுக்காக எடுக்காதீர்கள். அவர் எலெக்ட்ரிக் கிடாருக்கு மாறிய, எல்லோரும் எதிர்பார்க்கும் 1965–66ஐ அப்படியே தாண்டிவிடுகிறார். மாறாக 1989இல் வந்த ‘ஓ மெர்சி’ ஆல்பத்தை நியூ ஆர்லியன்ஸில் பதிவு செய்ததற்கு ஒரு முழு அத்தியாயம். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாட்டு ஏன் படியவில்லை என்று அதில் பொறுமையாகச் சொல்கிறார்.

தொடங்க, பாடகி பட்டி ஸ்மித்தின் ‘ஜஸ்ட் கிட்ஸ்’ (2010). சிறிய நூல். புகைப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தார்ப்புடனான நட்புதான் மையம், மேடை பின்பாதியில்தான் வருகிறது. மேப்பிள்தார்ப் எடுத்த படம்தான் பட்டி ஸ்மித்தின் ‘ஹார்சஸ்’ (1975) ஆல்பத்தின் அட்டை. அந்தப் பகுதிக்கு வரும்போது அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒலிநூலாகக் கேட்பதென்றால் பட்டி ஸ்மித்தே வாசித்த பதிவு இருக்கிறது. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் ‘பார்ன் டு ரன்’ (2016) நூலைத் தானே வாசித்திருக்கிறார். அப்பாவைப் பற்றியும் தன் மனச்சோர்வைப் பற்றியும் சொல்லும் இடங்களை அவர் குரலில் கேட்பதே நல்லது.