பால்சுறா இல்லாமல் பால் சுரக்குமா?

கேள்வி: எனக்கு வயது 27. குழந்தைக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது, தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போதே வீகன் ஆகிவிட்டேன். கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய்யும் கிடையாது. மாமியார் தினமும் பால்சுறா மீன் புட்டு செய்து முன்னால் வைக்கிறார். “அது இல்லாம எப்படிம்மா பால் ஊறும்?” என்கிறார். குழந்தை அழும்போதெல்லாம் எனக்கும் பயமாக இருக்கிறது. நான் மாற வேண்டுமா?
— வாசகி, பரமக்குடி

பதில்: மாற வேண்டாம். ஆனால் ஒரு மாத்திரை கட்டாயம். அதை நீங்கள் தவிர்ப்பதாக இருந்தால் நான் உங்கள் மாமியார் கட்சி.

முதலில் பால் ஊறும் விஷயம். குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ, மார்பு எவ்வளவு காலியாகிறதோ, அதைப் பொறுத்துத்தான் பால் ஊறும். பால்சுறாவில் நல்ல புரதம் இருக்கிறது, மறுக்கவில்லை. பாலைச் சுரக்கவைக்கும் தனிச் சரக்கு எதுவும் அதில் இல்லை. (பெரிய சுறாக்களில் பாதரசம் சேரும் என்பதால் பாலூட்டும் தாய்மார்களுக்கு அதைப் பல நாடுகளில் வேண்டாம் என்றே சொல்கிறார்கள். இதைச் சாப்பாட்டு நேரத்தில் மாமியாரிடம் ஆரம்பிக்காதீர்கள்.) குழந்தை நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். அழுகைக்கு வேறு நூறு காரணம் இருக்கும்.

இப்போது அந்த மாத்திரை: பி12 வைட்டமின். நீங்கள் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் தாய்ப்பாலில் சுண்ணாம்புச்சத்து பெரிதாகக் குறையாது, உங்கள் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். நஷ்டம் உங்களுக்கு. பி12 வைட்டமின் அப்படியில்லை. உங்கள் உடம்பில் குறைந்தால் பாலிலும் குறையும், நஷ்டம் குழந்தைக்கு. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1962-லேயே இதை லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகள் சில மாதம் கழித்துச் சோர்ந்துபோகின்றன, கற்ற அசைவுகளை மறக்கின்றன, தோல் கறுக்கிறது, கை கால் நடுங்குகிறது. காரணம் பி12 குறைவு. ‘குழந்தை ரொம்பச் சமர்த்து, அழுவதே இல்லை’ என்று பெருமைப்படுகிற வீட்டில் இது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை மூன்று மைக்ரோகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் செடி கொடியில் அது இல்லை. பழைய சோறு, இட்லி மாவு, ஸ்பைருலினா பாசி என்று என்னிடம் பட்டியலே கொண்டு வருகிறார்கள். இட்லியும் பழைய சோறும் எனக்கும் பிடிக்கும், பி12-க்காக அவற்றை நம்ப முடியாது. ஸ்பைருலினாவில் பெரும்பாலும் இருப்பது நம் உடம்புக்கு உதவாத போலி வகை. இன்னொன்று: ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான், பி12 கிடையாது. இந்த வாரமே மருத்துவரிடம் ‘நான் பால்கூடக் குடிப்பதில்லை’ என்று வாய்விட்டுச் சொல்லி, ரத்தத்தில் அளவு பார்த்து, எவ்வளவு எடுப்பது என்று எழுதி வாங்குங்கள். குழந்தைக்கும் தேவையா என்று கையோடு கேட்டுவிடுங்கள்.

அயோடினும் இதே கதைதான். மீனும் பாலும் இல்லாத சமையலில் அது வருவது உப்பிலிருந்து. ‘இயற்கை’ என்று இந்துப்புக்கு மாறியிருந்தால், சமையலறையில் அயோடின் உப்புப் பாக்கெட்டை மறுபடி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாக வேண்டும். சாம்பாரோடு மூன்று இட்லி, ஒரு டம்ளர் கேப்பைக் கூழ், ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, ஒரு வாழைப்பழம்: கிட்டத்தட்ட வந்துவிடும். கேப்பை 100 கிராமில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராமுக்கு மேல்; எள்ளில் ஆயிரத்தைத் தாண்டும். தினம் ஒரு எள்ளுருண்டை, வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரைப் பொரியல். புரதத்துக்குப் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, மீல்மேக்கர் மாற்றி மாற்றி. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். என் அம்மா பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற பூண்டுக் குழம்பில் நல்லெண்ணெய் மேலே மிதக்கும். அதில் மீன் இல்லாததை யாரும் குறையாகச் சொன்னதில்லை. பூண்டு வாசம் பாலுக்குப் போகும் என்பது உண்மைதான். 1991-ல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். பூண்டு வாசம் ஏறிய பாலைக் குழந்தைகள் கூடுதல் நேரம் சப்பிக் குடித்தன. மாமியாரிடம் பூண்டுக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள், அவருக்கும் ஏதோ செய்த திருப்தி.

கேள்வி: மகளுக்குப் பிரசவமாகி மூன்று வாரம். பருப்பு வாயு, தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று பத்தியம் வைத்திருக்கிறோம். ரசமும் சுட்ட அப்பளமும்தான். சரியா?
— வாசகி, சிவகங்கை

பதில்: சரியில்லை அக்கா. சைவச் சாப்பாட்டில் பருப்பையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? வெள்ளைச் சோறும் ரசமும் மட்டும் என்றால் பி1 வைட்டமினும் குறையும். பி12 போலவே அதுவும் பாலில் எதிரொலிக்கும். தண்ணீரைத் தாகத்துக்குக் கொடுங்கள். பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு செம்பு இருக்கட்டும். சுக்கு, மிளகு, லேகியம் எல்லாம் அளவாக இருக்கட்டும், நான் குறுக்கே வரவில்லை. பருப்பில் பெருங்காயம் போட்டு நாளைக்கே ஆரம்பியுங்கள்.

கேள்வி: இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டையும் மறக்காமல் இருக்க ஒன்றாக விழுங்கிவிடுகிறேன். பரவாயில்லையா?
— வாசகி, தேனி

பதில்: இரண்டையும் பிரியுங்கள். கால்சியம் இரும்பை உள்ளே விடாது. காலையும் இரவும் சாப்பிட்டதும் கால்சியம், மதியம் இரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் காபி, டீ ஒரு மணி நேரமாவது தள்ளிப் போகட்டும். பிரசவத்துக்குப் பிறகு இரண்டையும் 180 நாள் எடுக்க வேண்டும்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது இரும்பின் நிறம்.