இறால் ஐஸ் கரைஞ்ச தண்ணி

பிள்ளை, உங்கட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சன். தூத்துக்குடியில மீன்வளம் படிச்சு முடிச்சு, இஞ்ச வட நோர்வேயில ட்ரொம்சோவில முனைவர் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. குளிர்கடல் இறாலின்ர மரபணுக்களைப் பாத்து மருத்துவத்துக்கு உதவக்கூடிய நொதியங்களை, அதுதான் என்சைம்களை, தேடுற வேலை. "நம்ம கடல்ல இல்லாத இறாலா? அதுக்கு வடதுருவம் வரைக்கும் போகணுமா?" எண்டு அப்பா கேக்கிறார். உங்களுக்கோ இருட்டைப் பற்றின பயம். விளம்பரத்தில 'மருத்துவ ஆராய்ச்சி' எண்டு போட்டிருக்கிறது உண்மையோ, பேருக்கோ எண்டும் கேட்டிருக்கிறியள்.

அப்பா கேட்டதுதான் இதில முக்கியமான கேள்வி. அதில இருந்தே வாறன்.

நான் 1987இல வந்தனான். நோர்வேயின்ர வடகோடியில, பின்மார்க் கரையில ஒரு சின்ன ஊர், ஒரு இறால் ஆலை. அந்தக் காலத்தில எங்கட பெடியள் கனபேர் அந்தக் கரை முழுக்க மீன் ஆலைகளில நிண்டவை. கப்பலில இருந்து இறால் கட்டி கட்டியாய் உறைஞ்சு வரும். அதைப் பெரிய தொட்டியில போட்டுக் கரைக்கிறது. கரைஞ்ச தண்ணி வெளிறின றோசா நிறத்தில நுரைச்சுக்கொண்டு என்ர பூட்ஸுக்கு மேலால ஓடி வாய்க்காலுக்குள்ள போகும். குழாயைப் பிடிச்சு அதைத் தள்ளிவிடுறதுதான் என்ர முதல் வேலை. நாத்தம் தலைமயிரில இருந்து ரெண்டு நாளைக்குப் போகாது.

அதே வருசங்களில ட்ரொம்சோவில ஆராய்ச்சியாளர்கள் அந்த மாதிரித் தண்ணியைத்தான் சேத்து வடிச்சுக்கொண்டிருந்தவை. இறாலின்ர தலைக்குள்ள, கல்லீரலும் கணையமும் ஒண்டாய் இருக்கிற மாதிரி ஒரு உறுப்பு இருக்கு, உங்களுக்குத் தெரியும். உறைஞ்சு கரையேக்க அதின்ர கலங்கள் வெடிச்சு நொதியங்கள் தண்ணியோட வந்திடும். அதில ஒண்டு அல்கலைன் பொஸ்பட்டேஸ். டிஎன்ஏயின்ர நுனியில இருக்கிற பொஸ்பேற்றைக் கழட்டிவிடும். முதல் இந்த வேலைக்குக் கண்டுக்குட்டியின்ர குடலில இருந்து எடுத்ததைத்தான் பாவிச்சவை. அது வேலையை வடிவாய்ச் செய்யும், ஆனால் முடிஞ்ச பிறகு போகாது. கூலியும் வாங்கிக்கொண்டு விறாந்தையில இருந்து வெத்திலை போடுற ஆள் மாதிரி. அடுத்த வேலையையும் குழப்பும். அதைத் துரத்த பீனோல் அது இதெண்டு பாடுபடவேணும். இறாலின்ரயை 65 பாகையில 5 நிமிசம் வைச்சால் போதும், செத்துப்போகும், திரும்ப எழும்பாது.

ஏன் எண்டால், பண்டாலஸ் பொரியாலிஸ் எண்ட இந்த இறால் இருக்கிற தண்ணி சைபருக்கும் ஒரு சில பாகைக்கும் இடையில. அந்தக் குளிரில எல்லாம் விறைச்சு மெதுவாய் அசையும். அதுக்குள்ள ஓடியாடி வேலை செய்ய நொதியம் கொஞ்சம் தளர்வாய்க் கட்டினதாய் இருக்கவேணும். தளரக் கட்டின பொட்டளி லேசில அவிழுமெல்லோ. தூத்துக்குடி இறாலுக்கு அப்பிடித் தளர்வாய்க் கட்டவேண்டிய அவசியம் இல்லை. அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கோ. குளிர்தான் நீங்கள் தேடி வாற சரக்கு.

ஆனால் குளிர்கடல் பிராணி எண்டால் நொதியமும் சூட்டில சாகும் எண்டு உங்கட ஆய்வுத் திட்டத்தில ஒரு வரி எழுதிப்போடாதேங்கோ. இஞ்ச பேரன்ட்ஸ் கடலில ராச நண்டு இருக்கு. 1960களில சோவியத் ஆக்கள் பசிபிக் பக்கத்தில இருந்து கொண்டுவந்து விட்டது, பெருகி நோர்வேக்குள்ளயும் வந்திட்டுது. அதே இன நண்டில இருந்து மொஸ்கோ ஆராய்ச்சியாளர்கள் எடுத்து 2002இல வெளியிட்ட ஒரு நொதியம், முக்கியமாய் ரெட்டை இழை டிஎன்ஏயைத்தான் வெட்டும். அது 60 பாகையிலதான் வடிவாய் வேலை செய்யும்! குளிர்கடல் நண்டுக்கு ஏன் அப்பிடி ஒண்டு எண்டு நான் கனநாள் யோசிச்சிருக்கிறன்.

மருத்துவம் எண்டது பேருக்கில்லை, ஆனால் வீட்டில 'இறாலில இருந்து மருந்து கண்டுபிடிக்கப்போறன்' எண்டும் சொல்லிப்போடாதேங்கோ. ஒரு நோயாளியின்ர ரத்தத்தில இருந்து ஒரு மரபணுவைப் பெருக்கி அதின்ர எழுத்து வரிசையை வாசிக்கவேணும் எண்டு வையுங்கோ. பிசிஆர் எண்ட அந்தப் பெருக்கிற வேலை முடிய மிச்சம் மீதி குழாயுக்குள்ள கிடக்கும். ரெண்டு நொதியம் விடுவினம். ஒண்டு, பெருக்கலைத் தொடக்கிவிடுற பிரைமர் எண்ட சின்ன டிஎன்ஏ துண்டுகளில மிஞ்சினதைத் தின்னும். மற்றது எங்கட இறாலின்ர, மிஞ்சின தனி டிஎன்ஏ எழுத்துக்களைச் செயலிழக்கப் பண்ணும். 37 பாகையில 15 நிமிசம், 80 பாகையில 15 நிமிசம், அவ்வளவுதான். எத்தினையோ ஆய்வுகூடங்களில தினம் நடக்கிற காரியம். இதே இறாலில இருந்து வந்த இன்னொரு நொதியம், சோதனைக் கலவைக்குள்ள வேண்டாத டிஎன்ஏ துணுக்கு கிடந்தால் அதை வெட்டி அழிக்கும். இல்லாத கிருமியை இருக்கெண்டு காட்டினால் நோயாளியின்ர கதி என்ன?

இப்ப தண்ணி வடிக்கிறதில்லை. பொஸ்பட்டேஸின்ர மரபணு வரிசை 2001இல வந்தது, அடுத்த வருசம் முப்பரிமாண வடிவம். மரபணு கையில இருந்தால் நுண்ணுயிருக்குள்ள வைச்சுத் தேவையான அளவு செய்விக்கலாம், இறாலைத் தொடத் தேவையில்லை. உங்களை மரபணு பாக்கக் கூப்பிடுறதும் அதுக்குத்தான்.

நான் ஆலையை விட்டிட்டு இஞ்ச ஆய்வுகூடத் தொழில் படிச்சு, இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல பிப்பெற் பிடிக்கிறன். அதால ரெண்டு கைவேலை விசயம் சொல்லுறன். தலை உறுப்பை வெட்டேக்க ஐஸுக்கு மேலதான் வெட்டவேணும். நீங்கள் தேடுற நொதியங்கள் இருக்கிற அதே உறுப்பில, நீங்கள் மரபணு பாக்க எடுக்கிற ஆர்என்ஏயைத் தின்னுற நொதியங்களும் இருக்கு. கோப்பி குடிக்க எழும்பினால் மாதிரியைத் திரவ நைதரசனுக்குள்ள போட்டிட்டு எழும்புங்கோ. மற்றது, எனக்கு 2004 அளவில நடந்தது. ஆர்என்ஏ எடுத்து ஜெல்லில ஓடவிட்டால் 28எஸ், 18எஸ் எண்ட பெரிசும் சின்னனுமான ரெண்டு ஆர்என்ஏக்கு ரெண்டு கோடு வரவேணும் எண்டு படிச்சிருந்தன். எனக்கு ஒண்டுதான் வந்தது. பழுதாப்போச்சு எண்டு மூண்டு கிழமை வேலையைக் குப்பையில போட்டன். பிறகுதான் ஒருத்தர் சொன்னார், இறால், நண்டு, பூச்சி எண்டு பல கணுக்காலிகளில 28எஸ் ஆர்என்ஏயின்ர நடுவில இயற்கையாவே ஒரு வெட்டு இருக்கு, சூடாக்கினால் ரெண்டாய்ப் பிரிஞ்சு 18எஸ்ஸோட போய் ஒரே கோட்டில நிக்கும் எண்டு. அருமையான ஆர்என்ஏ, பிள்ளை. இப்பவும் நினைச்சால் வயிறு எரியும்.

இந்த இறால் ஆணாய்த் தொடங்கி, வளர்ந்தாப் பிறகு பெண்ணாய் மாறும். சின்னனுக்கும் பெரிசுக்கும் மரபணு வேலையில வித்தியாசம் கண்டால், அது வயசாலயோ பாலாலயோ எண்டு யோசிச்சிட்டு எழுதுங்கோ.

கையுறை, முகமூடி, காத்திழுக்கிற பெட்டி, மூண்டையும் கேட்டு வாங்குங்கோ. நான் நிண்ட ஆலையில இறால் அவிக்கிற ஆவிக்குள்ள முகமூடி இல்லாமல் நிண்டம். பின்னேரமானால் நெஞ்சு விசிலடிக்கும். குளிர் எண்டு நினைச்சு வேர்க்கொம்பு போட்டுத் தேத்தண்ணி குடிச்சன். கன வருசத்துக்குப் பிறகுதான் ஒவ்வாமை எண்டு தெரிஞ்சது, அதுவும் இறால் தசையில இருக்கிற ட்ரொப்போமயோசின் எண்ட புரதத்துக்கு. இப்ப நான் பச்சை இறால் தொடுறதில்லை.

இருட்டு. நவம்பர் கடைசியில இருந்து ஜனவரி நடுவரைக்கும் சூரியன் அடிவானத்துக்கு மேல வராது. கும்மிருட்டு எண்டு நினைக்காதேங்கோ, மத்தியானம் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் ஒண்டு வரும், வடிவு. மலை மறைக்கிறதால ஜனவரி 21 அளவிலதான் சூரியனைக் காணலாம். அண்டைக்கு எல்லாரும் சூரிய பணிஸ் வாங்கித் தின்னுவினம். முதல் வருசம் எனக்கு இருட்டை விட மே, யூன், யூலை வெளிச்சம்தான் பைத்தியமாக்கினது. ராத்திரி ரெண்டு மணிக்குச் சூரியன் கட்டிலில அடிச்சால் எப்பிடிப் படுக்கிறது? தடிச்ச திரைச்சீலை வாங்குங்கோ. குளிர் நீங்கள் பயப்பிடுற அளவுக்கு இல்லை, கடல் நீரோட்டம் சூடு கொண்டாறதால ஜனவரியில சராசரி சைபருக்குக் கீழ 3, 4 பாகைதான். விழுத்திறது ஐஸ். சப்பாத்துக்குக் கீழ மாட்டுற முள்ளு வந்த முதல் கிழமையே வாங்குங்கோ, நான் வாங்காமல் மணிக்கட்டு உடைச்சனான்.

இஞ்ச முனைவர் படிப்பு எண்டால் சம்பளம் வாங்கிற வேலை. மூண்டு வருசம், கால்வாசி நேரம் படிப்பிக்கிறதும் சேந்தால் நாலு. ஆய்வுகூடத்தில ஆங்கிலம் காணும். ஆனால் பதினொண்டரைக்குப் பாண் பெட்டியைத் திறந்துகொண்டு இருக்கேக்க எல்லாரும் நொர்ஸ்க்தான். அந்த அரை மணித்தியாலத்துக்காக எண்டாலும் மொழியைப் படியுங்கோ. எந்தக் கப்பல் மாதிரி எடுக்கப் போகுது, யாருக்கு அதில இடம் இருக்கு எண்டதெல்லாம் அந்த மேசையிலதான் கதைக்கிறவை.

ஓகஸ்டில வாறியள் எண்டால் துறைமுகத்துக்கு வாங்கோ. வள்ளத்தில அவிச்ச இறால் விப்பினம். வெள்ளைப் பாணில மயோனைசும் தேசிப்புளியும் விட்டுத் தின்னுறது. உங்களுக்கு உறைப்புப் போதாது, மிளகாய்த்தூள் கொண்டுவாங்கோ. எப்பிடி உரிக்கிறது எண்டு என்ர மனுசி காட்டுவா. நான் காத்து வாற பக்கமாய்த் தள்ளி நிக்கிறன்.