ஸ்விம்மிங் கிளாஸ் போற பையனுக்கு என்ன டிரெஸ் வாங்கலாம் டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் பையனுக்கு 6 வயசு. எங்க அபார்ட்மென்ட் ஸ்விம்மிங் பூல்லயே சம்மர் கோச்சிங் சேர்த்து விட்டிருக்கோம், காலைல 10 மணி பேட்ச், மேல கூரை கிடையாது. வெறும் டிரங்க்ஸ் மட்டும் போட்டு அனுப்பினேன். ஒரே வாரத்துல தோள்பட்டை, முதுகெல்லாம் எரியுதுன்னு அழறான், உள்தொடை ரெண்டு பக்கமும் உரசி ரேஷஸ் வேற. பழைய காட்டன் டீ-ஷர்ட்டைப் போட்டு இறக்கி விடலாமா, இல்ல ஃபுல் சூட் வாங்கணுமா? கடைல ஏகப்பட்டது தொங்குது, ஒண்ணும் புரியல. மாமியார் "புள்ள கறுத்துட்டான், நிறுத்திடு"ங்கறாங்க. என்ன பண்றது? - சென்னை வாசகி

பதில்: வணக்கம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கிளாஸை நிறுத்தாதீங்க. ஆறு வயசுல நீச்சல் கத்துக்கிட்டா அது அவன் உசிருக்கே பாதுகாப்பு. நிறுத்த வேண்டியது அந்தப் பத்து மணி பேட்ச்சைத்தான். கோச்கிட்ட இன்னிக்கே பேசி காலைல ஏழு மணிக்கோ, இல்ல சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகோ மாத்திக் கேளுங்க. சித்திரை, வைகாசில சென்னைல சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேரா வரும், ஏப்ரல் 24 வாக்குல நடு மதியம் நம்ம நிழலே தெரியாத அளவுக்கு. வெயில்ல தோலை எரிக்கற புற ஊதாக் கதிரைத்தான் யூ.வி.ன்னு சொல்றோம். அது எவ்வளவு இருக்குன்னு காட்ட யூ.வி. இண்டெக்ஸ்னு ஒரு அளவு இருக்கு, மொபைல்ல வெதர் பாக்கற இடத்துலயே காட்டும், 3க்கு மேல போனாலே தோலை மூடிக்கணும், 8க்கு மேல ரொம்ப அதிகம், 11ஐ தாண்டினா உச்சம். நம்ம ஊர்ல கோடைல வானம் தெளிவா இருந்தா மதியம் அந்த உச்சத்துக்கே போயிடும். ஆப் எதுவும் வேண்டாம்னா பையனோட நிழலைப் பாருங்க, அவன் உயரத்தை விட நிழல் குட்டையா இருந்தா அது பூல்ல இறங்கற நேரம் இல்ல.

தண்ணிக்குள்ள இருக்கானே, குளிர்ச்சியாத்தானே இருக்குன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. குளிர்ச்சி வேற, யூ.வி. வேற. தண்ணிக்கு அடில அரை மீட்டர் ஆழத்துல கூட மேல இருக்கறதுல 40 சதவீதம் அளவுக்கு யூ.வி. இருக்கும். நீச்சல் கத்துக்கற பசங்க குப்புறப் படுத்து காலை உதைச்சுக்கிட்டு இருப்பாங்க இல்லையா, முதுகும் தோளும் பின்கழுத்தும் தண்ணி மட்டத்துலயே ஒரு மணி நேரம் அப்படியே வெயில்ல கிடக்கும், உங்க பையனுக்கு சரியா அந்த இடம்தான் எரிஞ்சிருக்கு. உடம்பு சில்லுன்னு இருக்கறதால அவனுக்கு அப்ப தெரியாது, வீட்டுக்கு வந்து ராத்திரி சட்டை பட்டாத்தான் கத்துவான். நம்ம மாநிறத் தோல்ல சிவப்பு சட்டுனு கண்ணுக்குத் தெரியறதும் இல்ல, அதனால கையை வெச்சுப் பாருங்க. சூடா இருந்து, லேசா தொட்டாலே வலிக்குதுன்னா அது சன்பர்ன்தான்.

இப்ப காட்டன் டீ-ஷர்ட் விஷயத்துக்கு வரேன். வேண்டாம்மா. துணி வழியா எவ்வளவு யூ.வி. உள்ள போகும்னு சொல்ற அளவுக்குப் பேர் யூ.பி.எஃப்., அது 50ன்னா அம்பதுல ஒரு பங்குதான் தோலுக்குப் போகும், அதாவது 2 சதவீதம். மெல்லிசான வெள்ளை காட்டன் டீ-ஷர்ட்டுக்கு அது 5 வாக்குலதான் இருக்கும், நனைஞ்சா 3 வாக்குல இறங்கிடும், அப்படின்னா மூணுல ஒரு பங்கு வெயில் நேரா தோலுக்கே போகுது. அது மட்டும் இல்ல, நனைஞ்ச காட்டன் ஈரச்சாக்கு மாதிரி கனக்கும், சின்னப் பையன் கையைத் தூக்கி வீசறதே கஷ்டம், சில சமயம் மேல எழும்பி மூஞ்சில ஒட்டிக்கும், அப்ப குழந்தை பயந்துடுவான். நிறைய பூல்ல காட்டன் துணியை விடறதே இல்ல.

நீங்க வாங்க வேண்டியது ரேஷ் கார்ட்னு கேட்டா தருவாங்க, முழங்கை வரைக்குமோ முழுக்கையோ வெச்ச, உடம்போட ஒட்டின நீச்சல் மேல்சட்டை. முழுக்கையே நல்லது, கழுத்துல கொஞ்சம் ஏறின காலரா இருந்தா பின்கழுத்தும் தப்பிக்கும். லேபிள்ல யூ.பி.எஃப். 50+ போட்டிருக்கான்னு பாருங்க. லேபிள் இல்லன்னா துணியை டியூப்லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, வெளிச்சம் ஊசி ஊசியா வந்தா வெச்சிடுங்க. ஆன்லைன்ல வாங்கினா அதை வந்த பிறகு பாருங்க, பிடிக்கலன்னா ரிட்டர்ன் போடுங்க.

சைஸ்ல தான் நிறைய பேர் ஏமாறாங்க. அடுத்த வருஷத்துக்கும் ஆகும்னு ரெண்டு சைஸ் பெரிசா எடுத்தா தண்ணி உள்ள புகுந்து பலூன் மாதிரி உப்பும், அக்குள்ல மடிப்பு விழுந்து அந்த மடிப்பே உரசும். சின்னதா எடுத்தா துணி இழுபட்டு நெசவு விரிஞ்சுடும், யூ.பி.எஃப். குறையும், மூச்சும் முட்டும். கடைலயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்க, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கச் சொல்லுங்க, குத்துக்கால் வெச்சு உக்காரச் சொல்லுங்க. அப்படி செய்யும்போது வயிறும் இடுப்பும் வெளியே தெரியக்கூடாது, கழுத்து இறுக்கக்கூடாது. அப்புறம் சட்டையைத் திருப்பி உள்பக்கத் தையலை விரலால தடவுங்க. தட்டையா இருக்கணும், புடைச்சிருந்தா ஒரு மணி நேரத்துல அக்குள்லயும் தோள்லயும் கோடு போட்டிடும். பின்கழுத்து டேக்கை வெட்டி விடுங்க. ஜிப் வெச்சது எடுத்தா தாடைகிட்ட ஜிப் முடியற இடத்துல மூடி மாதிரி துணி இருக்கணும்.

கீழ போடறதுல உங்களுக்கு இருக்கற பிரச்னை அந்த லூஸ் டிரங்க்ஸாலதான் வந்திருக்கும்னு நினைக்கறேன். தண்ணில ஊறின தோல் மெத்துனு ஆயிடும், அதுல ஈரத் துணி மடிஞ்சு மடிஞ்சு உரசும், குளோரின் தண்ணி அதை இன்னும் காய விடும். அதுக்கு முழங்காலுக்கு மேல வரைக்கும் ஒட்டி நிக்கற ஜாமர்ஸ் ரொம்ப தேவலாம், தொடையும் தொடையும் நேரா உரசாது, தொடையில வெயிலும் படாது. டிரங்க்ஸே வேணும்னா உள்ள வலை வலையா லைனிங் இருக்கான்னு பாருங்க, இருந்தா வேண்டாம். சின்னப் பசங்களுக்கு அந்த வலை ஓட்டையில சிறுநீர் போற இடத்துத் தோல் மாட்டிக்கறது உண்டு. அப்படி ஆச்சுன்னா பிடிச்சு இழுக்கவே இழுக்காதீங்க, சுத்தி இருக்கற வலையை மட்டும் கத்தரியால வெட்டி விட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.

ஃபுல் சூட் கேட்டீங்க. பீச்சுக்குப் போறப்ப நல்லது, தினமும் கிளாஸுக்கு மேல தனியா கீழ தனியா இருக்கறதுதான் வசதி, பாத்ரூம் வந்தா ஈரத்தோட முழுசா கழட்டறதுக்குள்ள அவனுக்கு அவசரம் ஆயிடும். தானே போட்டு தானே கழட்டற மாதிரி இருக்கணும். பையன்தானேன்னு பூல் ஓரத்துல எல்லார் முன்னாடியும் மாத்தி விடறாங்க, அது வேண்டாம்மா. ஆறு வயசுல அவனுக்கும் கூச்சம் இருக்கும், அதை நாம மதிக்கணும், டிரெஸ்ஸிங் ரூமுக்கு நீங்களோ அப்பாவோ கூட போங்க.

கலர்ல ஒரு விஷயம் இருக்கு, இதை எல்லா அம்மா அப்பாவும் மனசுல வெச்சுக்கணும்னு ஆசைப்படறேன். அடர் நீலம், கறுப்பு யூ.வி.யை நல்லா தடுக்கும்தான், ஆனா நீல டைல்ஸ் போட்ட பூல்ல நீலமோ வெள்ளையோ சாம்பலோ போட்ட குழந்தை தண்ணிக்கு அடியில போனா மேல நிக்கறவங்க கண்ணுக்குத் தெரியவே தெரியாது. யூ.பி.எஃப். 50+ லேபிள் இருந்தா எந்தக் கலரா இருந்தாலும் பாதுகாப்பு ஒண்ணுதான், அதனால பளிச்சுனு ஆரஞ்சு, சிவப்பு, ஃப்ளோரசன்ட் மஞ்சள் எடுங்க. அவனுக்குப் பிடிச்ச கார்ட்டூன் படம் நீல டிரெஸ்லதான் இருக்குன்னு அடம் பிடிச்சா அதை வீட்டுக்கு வாங்கிக் குடுங்க, பூலுக்கு வேண்டாம். கலர் எதுவா இருந்தாலும், கையில மாட்டற காத்து ஃப்ளோட்டை நம்பி நீங்க போன் பார்க்காதீங்க.

துணி மூடாத இடத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன் போதும். முகம், காது மடல், பின்கழுத்து, புறங்கை, முழங்காலுக்குக் கீழ, பாதத்து மேல். எஸ்.பி.எஃப்.ங்கற பாதுகாப்பு அளவு 30க்குக் குறையாம, தண்ணில நிக்கற டைப், ஜிங்க் ஆக்சைடு இல்ல டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கறது சின்னக் குழந்தைங்க தோலுக்கு ஒத்துக்கும். இறங்கறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி தாராளமா பூசுங்க, துண்டால துடைச்சா மறுபடியும் பூசணும், எப்படியும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வீட்டுல கைக்குழந்தை இருந்தா ஆறு மாசத்துக்குள்ள கிரீம் வேண்டாம், நிழல்லயே வெச்சுக்கோங்க.

பூலை விட்டு ஏறின உடனே நல்ல தண்ணில குளிக்க வெச்சு, ஈர டிரெஸ்ஸைக் கழட்டி, தொடை இடுக்குல ஒத்தி ஒத்தி ஈரம் எடுத்து, காட்டன் ஜட்டி போட்டு விடுங்க. அந்த ஈர டிரெஸ்ஸோடயே ஸ்நாக்ஸ் சாப்பிட்டு, சைக்கிள் ஓட்டிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வீட்டுக்கு வர பசங்களுக்குத்தான் இந்த ரேஷஸ் அதிகம். டிரெஸ்ஸையும் நல்ல தண்ணில அலசி நிழல்ல காயப் போடுங்க, குளோரின் தங்கினா எலாஸ்டிக் சீக்கிரம் போயிடும். பாலியஸ்டர் கூடுதலா இருக்கற துணி லைக்ரா கூடுதலா இருக்கறதை விட குளோரினைத் தாங்கும். ரெண்டு செட் வெச்சுக்கோங்க, காயாததை மறுநாள் போட வேண்டாம். துணி தொளதொளன்னு ஆகி மெலிஞ்சு போச்சுன்னா மாத்திடுங்க.

இப்ப இருக்கற எரிச்சலுக்கு, ஒரு வாரம் பூல் லீவு. பச்சைத் தண்ணில நனைச்ச துணியை தோள்ல, முதுகுல பத்து பதினைஞ்சு நிமிஷம் போடுங்க, ஐஸ் வேண்டாம், அப்புறம் வாசனை இல்லாத மாய்ச்சரைசரோ காலமைன் லோஷனோ. தண்ணி, மோர், இளநீர் நிறைய குடுங்க. ராத்திரி வலின்னா எடைக்கு ஏத்த அளவு பாராசிட்டமால் குடுக்கலாம். மஞ்சள், டூத்பேஸ்ட் எதுவும் தடவாதீங்க. கொப்புளம் வந்தா உடைக்காதீங்க, கொப்புளத்தோட காய்ச்சலோ வாந்தியோ சோர்வோ இருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.

தொடை ரேஷஸுக்கு ஜிங்க் ஆக்சைடு கிரீம் ராத்திரி போடுங்க, கிளாஸ் திரும்ப ஆரம்பிச்ச பிறகு இறங்கறதுக்கு முன்னாடி அந்த இடத்துல லேசா வாஸ்லின். ஒரு வாரத்துல ஆறலன்னாலோ, வட்டமா ஓரம் தடிச்சு அரிக்குதுன்னாலோ அது படர்தாமரையா இருக்கலாம். மெடிக்கல் ஷாப்ல சொல்லி அரிப்புக்குன்னு ஒரு டியூப் வாங்கிப் போடறது நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணமாயிடுச்சு. அதுல நிறைய ஸ்டீராய்டு கலந்த கிரீம், போட்டா ரெண்டு நாள் அடங்கும், அப்புறம் பரவி, அந்த மெல்லிசு தோலே சுருங்கி கோடு விழுந்துடும், இதை தினமும் பார்த்து வருத்தப்படறேன். தயவுசெஞ்சு அதைப் போடாதீங்க.

மாமியார்கிட்ட சொல்லுங்க, இந்தக் கறுப்பு தோல் தன்னைக் காப்பாத்திக்க மெலனின்ங்கற நிறமியை கூட்டிக்கறது, வெயில் குறைஞ்சா சில வாரத்துல, சில மாசத்துல தானா தெளியும். அதுக்குன்னு ஃபேர்னஸ் கிரீம், பிளீச், எலுமிச்சம்பழம் எதையும் குழந்தை தோல்ல தேய்க்க வேண்டாம். அவங்க பேரனைப் பத்தி கவலைப்படறது நியாயம்தான், ஆனா கவலைப்பட வேண்டியது நிறம் இல்ல, எரிச்சல். எரியாம பார்த்துக்கிட்டா போதும், ரெண்டு மூணு வாரத்துல அவன் நீந்தறதை அவங்களையே கூட்டிட்டுப் போய் காட்டுங்க.