சாலமன் மோரெலும் ஸ்கோதா முகாமும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

1945-இல் போலந்தின் புதிய கம்யூனிஸ்ட் ஆட்சிக்காக ஸ்கோதா முகாமை நடத்திய பாதுகாப்புத் துறை அதிகாரி சாலமன் மோரெல் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். சண்டைக்கு வந்தவர்களுக்கும் பதில் உண்டு.

சார், யார் இந்த மோரெல்? ஒன்றுமே தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள்.

1919-இல் லுப்ளின் நகருக்கு அருகே கார்புஃப் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ரொட்டிக்கடைக்காரர். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, 1942 கடைசியில், பெற்றோரும் ஒரு சகோதரரும் கொல்லப்பட்டார்கள். மோரெலையும் இன்னொரு சகோதரரையும் யூஸெஃப் த்காச்சிக் என்ற போலந்து விவசாயி ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். பிறகு மோரெல் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சேர்ந்தார். 1944-இல் சோவியத் படை லுப்ளினுக்கு வந்ததும் புதிய அரசின் சிறைப் பணிக்குப் போனார். 1945 மார்ச்சில் ஸ்கோதா முகாமின் தலைவரானபோது அவருக்கு வயது 25.

ஸ்கோதா நாஜி முகாம்தானே? கம்யூனிஸ்ட் முகாம் என்கிறீர்களே?

இரண்டும்தான். போலந்தின் தெற்கே மேல் சிலேசியா என்ற பகுதியில், காத்தோவித்ஸே நகரை ஒட்டி ஷ்வியெந்தோஹ்வோவித்ஸே என்று ஒரு தொழில் நகரம் இருக்கிறது. அங்கே 1943 முதல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் கிளை ஒன்று இயங்கியது. 1945 ஜனவரியில் ஜெர்மானியர்கள் அதைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். மரக்கொட்டடிகளும் மின்கம்பி வேலியும் அப்படியே நின்றன. பிப்ரவரியில் சோவியத் உளவுத்துறை அதே இடத்தில் ஆட்களை அடைக்கத் தொடங்கியது. கொஞ்ச நாளில் முகாம் போலந்தின் பொதுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கைக்கு வந்தது.

உள்ளே இருந்தவர்கள் நாஜிகள்தானே? அவர்களுக்காக ஏன் இவ்வளவு வருத்தம்?

கோபத்தோடு கேட்டிருக்கிறீர்கள், நியாயமான கோபம்தான். ஆனால் சிலேசியாவின் கதை தெரிந்தால் இவ்வளவு சுலபமாகக் கேட்க முடியாது.

முகாம் இருந்த அந்தப் பகுதி முதல் உலகப் போர் வரை ஜெர்மனியில் இருந்தது. 1922-இல் போலந்துக்குப் போனது. 1939-இல் ஹிட்லர் அதை மீண்டும் ஜெர்மனியோடு இணைத்துக்கொண்டார். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, சர்ச்சில் இரண்டும் என்று வாழ்ந்த மக்கள். நாஜிகள் 'மக்கள் பட்டியல்' என்று ஒன்று போட்டு, யார் எந்த அளவுக்கு ஜெர்மானியர் என்று மக்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். பெயர் கொடுக்காவிட்டால் வேலை போகும், வீடு போகும், முகாமுக்கும் அனுப்பலாம். காத்தோவித்ஸே பிஷப் ஸ்டனிஸ்வாவ் ஆடம்ஸ்கியே, உயிர் பிழைக்க வேண்டுமானால் கையெழுத்துப் போடுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொன்னார். நாட்டை விட்டு வெளியேறி லண்டனில் இருந்த போலந்து அரசும் அதைக் கண்டும் காணாமல் விட்டது.

1945-இல் அதே கையெழுத்து குற்றமாகிவிட்டது. முகாமில் நாஜிக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. அவர்களோடு சுரங்கத் தொழிலாளிகள், பெண்கள், பதின்ம வயதுப் பிள்ளைகள், புதிய ஆட்சிக்குப் பிடிக்காத போலந்துக்காரர்கள் என்று பலரும் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் விசாரணை, தீர்ப்பு எதுவும் இல்லாமலே உள்ளே போனவர்கள். யார் குற்றவாளி என்று ஒரு நீதிமன்றம் பிரித்துப் பார்த்திருந்தால் உங்கள் கேள்விக்கே இடம் இருந்திருக்காது.

எத்தனை பேர் இறந்தார்கள்? பட்டினியா, அடியா?

ஏறத்தாழ 6,000 பேர் அந்த முகாமுக்குள் போனார்கள். பதிவான சாவு மட்டும் 1,855. ஒன்பது மாதத்துக்குள்.

பெரும்பகுதியைக் கொன்றது டைஃபஸ். பேன் வழியாகப் பரவும் காய்ச்சல் அது (நம்மூர் டைபாய்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). கொட்டடிகளில் ஆட்களைத் திணித்து வைத்திருந்தார்கள். உணவு அரைவயிற்றுக்கும் போதாது. குளிக்க, துணியைக் கொதிக்க வைக்க வழியில்லை. 1945 கோடையில் நோய் கிளம்பியபோது மருந்தும் இல்லை, நோயாளிகளைத் தனியாக வைக்கவும் இல்லை.

நோய்தானே கொன்றது, மோரெல் என்ன செய்வார் என்று சிலர் வாதாடுகிறார்கள். அவருடைய சொந்த மேலதிகாரிகளே அப்படி நினைக்கவில்லை. சிறை, முகாம்கள் துறையின் இயக்குநர் தியோடர் டூடா, கொள்ளைநோயைப் பரவ விட்டதற்காக மோரெலுக்குத் தண்டனை கொடுத்தார்: மூன்று நாள் வீட்டுக்காவல், கொஞ்சம் சம்பளப் பிடித்தம். இதைவிடத் தெளிவாக ஒரு ஆட்சி தன்னைக் காட்டிக்கொடுத்து நான் படித்ததில்லை. அலட்சியம் என்று கோப்பிலேயே எழுதியாயிற்று, விலையையும் குறித்தாயிற்று.

அடியும் உண்டு. நாஜிகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை 7-ஆம் கொட்டடியில் வைத்து, இரவுகளில் காவலர்கள் புகுந்து தடியாலும் முக்காலியாலும் அடித்ததைத் தப்பியவர்கள் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள். மோரெலும் தன் கையால் அடித்தார் என்பது அவர்கள் வாக்குமூலம். தண்ணீர் நிரப்பிய நிலவறையில் மணிக்கணக்கில் நிற்க வைத்ததும் அதில் வருகிறது.

1945 நவம்பரில் முகாமை மூடினார்கள். வெளியே விட்டவர்களிடம், உள்ளே பார்த்ததைப் பற்றி வாய் திறக்க மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். 1989 வரை அந்த ஊரில் இதைப் பற்றிப் பகிரங்கமாகப் பேச்சே எழாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆஷ்விட்ஸில் இருந்தவர் பழிவாங்கினார், அவ்வளவுதானே அண்ணா?

ஆஷ்விட்ஸில் தான் கைதியாக இருந்ததாக முகாமில் அவர் சொன்னதாகச் சாட்சியம் இருக்கிறது. நாஜி, கம்யூனிஸ்ட் காலக் குற்றங்களை விசாரிக்கும் போலந்து அரசு அமைப்பான தேசிய நினைவு நிறுவனத்தின் விசாரணைப்படி அவர் அங்கே இருந்ததே இல்லை. குடும்பத்தைப் பறிகொடுத்தது உண்மை, அந்த வெறி அவருக்குள் இருந்திருக்கலாம். ஆனால் பழிவாங்கல் என்ற ஒரே சாவியை வைத்துக்கொண்டு இந்தப் பூட்டைத் திறக்க முடியாது. அவர் குடும்பத்தைச் சுட்டவர்கள் ஜெர்மானியரின் கீழ் வேலை பார்த்த போலந்து 'நீலக் காவலர்'கள் என்றுதான் சொல்லப்படுகிறது. ஸ்கோதாவில் செத்த சுரங்கத் தொழிலாளி அதில் எங்கே வருகிறார்? முகாமைத் திறந்தது சோவியத் உளவுத்துறை, பிறகு அதைக் கையில் வைத்திருந்தது பொதுப் பாதுகாப்பு அமைச்சகம். மோரெல் கிடைத்த அதிகாரத்தைக் கொடூரமாகப் பயன்படுத்தினார். அதிகாரத்தைக் கொடுத்தவர்களை அவர் முகத்துக்குப் பின்னால் ஒளித்துவிடக் கூடாது.

அப்போ யூதர்கள்தான் இந்த முகாம்களை நடத்தினார்கள் என்பது உண்மையா?

இல்லை. இதை எழுதி மூன்று இணைப்பு அனுப்பியிருந்தீர்கள், மூன்றையும் படித்தேன். பாதுகாப்புத் துறையின் மேல்மட்டத்தில் யூதப் பின்னணி கொண்டவர்கள் கணிசமாக இருந்தார்கள். ஆனால் துறையின் ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் போலந்துக்காரர்கள், முகாம் காவலர்களும் அப்படித்தான். ஸ்கோதா போலவே 1945-இல் தொடங்கிய வாம்பினோவித்ஸே முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைவர் செஸ்வாவ் கெம்போர்ஸ்கி யூதர் அல்ல. 1945 அக்டோபர் 4 அன்று அங்கே ஒரு கொட்டடி தீப்பிடித்தபோது காவலர்கள் சுட்டார்கள். அன்று செத்தவர்கள் சுமார் 48 பேர். அந்த முகாமில் மொத்தச் சாவு ஆயிரத்தைத் தாண்டும். கெம்போர்ஸ்கி மேல் நடந்த வழக்கில் 1959-இல் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். கம்யூனிசம் போன பிறகு வழக்கு மறுபடி வந்தது, தீர்ப்பு வருவதற்குள் 2006-இல் அவர் இறந்துவிட்டார். அந்த மூன்று இணைப்பிலும் கெம்போர்ஸ்கி பெயரே இல்லை, கவனித்தீர்களா?

ஸ்கோதாவுக்குப் பிறகு மோரெல் என்ன ஆனார்?

பதவி உயர்வுதான். 1949 முதல் 1951 வரை யாவொஷ்னோ முகாமின் தலைவர். அதுவும் பழைய ஆஷ்விட்ஸ் கிளைதான். அவர் வருவதற்கு முன், 1947-இல், 'விஸ்துலா நடவடிக்கை' என்ற பெயரில் தென்கிழக்கு போலந்திலிருந்து சுமார் 1,40,000 உக்ரைனியர்களையும், அங்கே மலைப்பகுதியில் வாழ்ந்த சிறுபான்மையினரான லெம்கோ மக்களையும் பெயர்த்து நாட்டின் மேற்கே அனுப்பினார்கள். அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை அடைத்தது யாவொஷ்னோவில்தான். அதன் பிறகும் மோரெல் சிறைத்துறையிலேயே இருந்தார், வ்ரோத்ஸ்வாஃபில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கினார், கர்னல் ஆனார். 1968-இல் கட்சியே யூத எதிர்ப்புப் பிரச்சாரத்தை அவிழ்த்துவிட்டபோது அவர் வேலையும் முடிந்தது.

இஸ்ரேல் ஏன் அவரை ஒப்படைக்கவில்லை?

1990-களின் தொடக்கத்தில் விசாரணை நெருங்கியதும் அவர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார். போலந்து 1998-இல் முதல் முறை கேட்டது. இஸ்ரேல் சட்டப்படி வழக்குக்கான காலவரம்பு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. 2004-இல் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், அதற்குக் காலவரம்பு கிடையாது என்ற வாதத்தோடு போலந்து மீண்டும் கேட்டது. 2005-இல் அதையும் மறுத்தார்கள். குற்றச்சாட்டுக்கு அடிப்படையே இல்லை என்றும் இந்த முறை சேர்த்துச் சொன்னார்கள்.

காலவரம்புப் பதிலாவது சட்டம் என்று ஏற்கலாம். இரண்டாவது பதில் எனக்கு உடன்பாடில்லை. அடிப்படை இருக்கிறதா இல்லையா என்பதை நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சாட்சியங்களைப் பார்த்து நீதிமன்றம் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியில் தண்டனையே இல்லையா?

அந்த மூன்று நாள் வீட்டுக்காவல்தான். 2007 பிப்ரவரியில் டெல் அவிவில் இறந்தார்.

போலந்து போகிறேன். பார்க்க ஏதாவது இருக்கிறதா?

ஸ்கோதாவில் பழைய முகாமின் நுழைவாயிலை நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். காத்தோவித்ஸேயிலிருந்து பக்கம்தான். நேரம் இருந்தால் ஓபோலே பக்கம் வாம்பினோவித்ஸேக்கும் போங்கள், அங்கே அருங்காட்சியகமே உண்டு. நாஜிகள் போர்க்கைதிகளை வைத்திருந்த முகாமும் 1945-க்குப் பிந்தைய முகாமும் அதே ஊரில்தான் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.