பெரட்டு மணியும் பால் கடிகாரமும்

அன்புள்ள அம்மா,

மலாயா ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர் பற்றி ஆய்வு செய்கிறேன். அக்காலக் குழந்தை மரணங்களுக்குத் தாய்மாரின் அறியாமையே காரணம் என்று பழைய அறிக்கைகள் சொல்கின்றன. ஆங்கிலேய மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருக்கும் அல்லவா? எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

நூலைப் பிறகு பார்ப்போம். அறிக்கை எழுதியவனின் பழியை அப்படியே வாங்கி உன் பாட்டிமார் தலையில் சுமத்தலாமா?

என் பாட்டி மலாயாவின் பேராக்கில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். பச்சைப் பிள்ளை, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் கிடக்கும். வெட்டிய பாலைச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்ப மதியமாகிவிடும். மார்பில் தாய்ப்பால் கட்டி, ரவிக்கை நனைந்து, மரத்துக்கு மரம் ஓடியதைக் கிழவியான பிறகும் சொல்லி அழுவார். அவருக்கா பிள்ளை வளர்க்கத் தெரியாது?

பிரிட்டிஷ் பேரரசெங்கும் அப்போது செல்வாக்குப் பெற்றிருந்தது நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங்கின் முறை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால், இரவில் கிடையாது. தன் பொழுது தன் கையில் உள்ளவளுக்கு எழுதிய விதி அது. கங்காணி கூப்பிட்ட நேரத்துக்கு ஓடியவள் எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பாள்?

அழுக்குக் கத்தியால் தொப்புள்கொடி அறுத்துப் பிள்ளைகள் செத்ததும் உண்மை. சுத்தம் கற்பித்தவர்களுக்கு நன்றி. அதில் எனக்கு வழக்கில்லை.

ஆங்கிலேய ஆட்சியின் மருத்துவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்றும் எண்ணிவிடாதே. சிசிலி வில்லியம்ஸ் 1936இல் மலாயாவுக்கு வந்தவர். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். கொழுப்பு நீக்கி இனிப்பூட்டிய டின்பாலைக் குழந்தைக்கு ஏற்றதென்று கம்பெனிக்காரர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஏ, டி வைட்டமின்கள் அதில் இல்லை. தாதி வேடத்தில் பெண்களை வீடுகளுக்கே அனுப்பித் தாய்ப்பாலை மறக்கடித்தார்கள். இத்தகைய பிரசாரத்தால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார் அவர். தாயைக் குற்றம் சொல்லாமல் விற்றவனைக் கூண்டில் ஏற்றிய மருத்துவர்!

அந்த உரையிலிருந்து தொடங்கு. பிறகு உன் அறிக்கைகளுக்குத் திரும்பு. பிள்ளை பெற்றவள் எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினாள், இடையில் பால் கொடுக்க அவளை விட்டார்களா, ஆயாக்கொட்டகையில் ஒரு கிழவியிடம் எத்தனை பிள்ளைகள் என்று ஒவ்வொன்றிலும் தேடு. பதில் இல்லாத அறிக்கையை நம்பி ஒரு வரிகூட எழுதாதே. முதல் அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்பு, வரிவரியாகப் படித்துத் தருகிறேன்.