பபுள், பிசிறு, வளைஞ்ச வாள்: ரெசின் மினியேச்சர் கேள்வி பதில்

ஓசூர்ல ஒரு டூல் ரூம்ல மோல்டு (அச்சு) வேலை எனக்கு, ஞாயித்துக்கிழமை ஆனா வீட்டு மாடியில 28 எம்எம் வார்கேம் (மேசை மேல ஆடற போர் விளையாட்டு) பொம்மைய சிலிக்கான் மோல்டுல ரெசின், அதாவது ஊத்தினா கெட்டியாகற பிளாஸ்டிக் திரவம், ஊத்தி வார்க்கறது. சேர்ந்து கிடந்த கேள்விக்கெல்லாம் இன்னிக்கு உக்காந்து எழுதறேன். பெயிண்டிங் மட்டும் கேக்காதீங்க, நான் வரைஞ்ச கண்ணு ரெண்டும் ரெண்டு பக்கம் பாக்கும்.

தர்மபுரி தம்பி: அண்ணா, நான் வார்க்கற பொம்மைய வெட்டி பாத்தா உள்ள பஞ்சு மாதிரி ஓட்டை. ரெசின் பிராண்ட் மாத்தணுமா?

பிராண்ட விடு தம்பி, ஓட்டை எங்க விழுதுன்னு மொதல்ல பாரு. வாள் நுனி, விரல் நுனி, தொப்பி ஓரம், இங்க மட்டும் குண்டா ஒண்ணு ரெண்டு இருந்தா காத்து வெளிய போக வழி இல்லாம மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம், மோல்டுல அந்த நுனியில பிளேடால காத்து போக ஒரு வென்ட் (சின்ன வழி) கீறி விட்டா சரியாயிடும். உனக்கு உடம்பு முழுக்க பொடிப்பொடியா இருக்குன்னா அது ஈரம். பாலியூரித்தேன் ரெசின்ல ஒரு பாகம் ஐசோசயனேட், அதுல துளி தண்ணி பட்டாலும் கார்பன் டை ஆக்சைடு விடும், நம்ம இட்லி மாவு பொங்கறதும் அதே வாயுதான். ரெண்டு பாகத்தையும் ஒரு பிளாஸ்டிக் கப்புல கொஞ்சமா கலந்து சும்மா வெச்சு பாரு, நுரைச்சு மேல ஏறுச்சுன்னா ரெசின் கெட்டுப்போச்சு, தூக்கி போடு. அப்புறம் நீ எதால கலக்கற? ஐஸ் குச்சின்னா அதுவும் காரணம், மரக்குச்சியும் பேப்பர் கப்பும் ஈரத்த உறிஞ்சி வெச்சிருக்கும். ஐப்பசி மழையில டப்பாவ தெறந்து போட்டுட்டு டீ குடிக்க போகாத.

வெட்டி பாத்தேன்னு சொன்னியே, மாஸ்க் போட்டியா? ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது, தேய்ச்சா தண்ணி தொட்டு தேய்.

ஓசூர், பாகலூர் ரோடு: வேக்குவம் பம்ப் வாங்கினேன் ப்ரோ. மோல்டு சிலிக்கான்ல பபுள் (காத்துக்குமிழ்) போக கேஜ்ல 29 இன்ச் வேக்குவம் இழுக்கணும்னு போட்டிருக்கு, எனக்கு 26.5 தாண்டல. பம்ப திருப்பி அனுப்பவா?

அனுப்பிடாதீங்க, பம்ப் நல்லாத்தான் இருக்கு. அந்த 29 கடல் மட்டத்து கணக்கு, அங்க காத்தோட மொத்த அழுத்தமே 29.9 இன்ச் பாதரசம். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், இங்க மொத்தமே 27க்கு கொஞ்சம் கீழதான். இருக்கறதே 27ன்னா 29 எங்கேர்ந்து வரும்?

கிருஷ்ணகிரி: ஊருக்கு ஊர் காத்து மாறுமா சார்? எனக்கு 28 வருது. மட்டமான பம்புக்கு சப்போர்ட் பண்ணாதீங்க.

உங்களுக்கு 28 வரது ரொம்ப சரிங்க, உங்க ஊர் 500 மீட்டர் சொச்சம், அங்க மொத்தம் 28.2 கிட்ட. அதே பம்ப பஸ்ல தூக்கிட்டு சூளகிரி தாண்டி ஓசூர் வாங்க, 27 கூட காட்டாது. டீ செலவு என்னோடது.

கிருஷ்ணகிரி (மறுபடி): அப்ப ஓசூர்ல சிலிக்கான்ல பபுளே போகாதா?

போகும்ங்க. எவ்ளோ இழுத்தோம்ங்கறத விட உள்ள எவ்ளோ மிச்சம் இருக்குங்கறதுதான் கணக்கு. 26.9ல 26.5 இழுத்தா மிச்சம் 0.4, அது போதும். சிலிக்கான் பால் பொங்கற மாதிரி ஏறும், அப்புறம் பொத்துனு உக்காரும், உக்காந்ததுக்கு அப்புறம் இன்னும் ரெண்டு நிமிஷம் ஓட விடுங்க. பாத்திரம் மட்டும் நாலு பங்கு பெருசா இருக்கணும், இல்லன்னா பம்புக்குள்ள போயிடும், எனக்கு ஒரு தடவ போச்சு, பம்ப கழட்டி மூணு நாள் சுரண்டினேன்.

பர்கூர்: இந்த கணக்குப்படி ஓசூர்ல தண்ணி கூட சீக்கிரம் கொதிக்கணுமே?

கொதிக்குதே, 97 டிகிரியிலயே. எங்க வீட்ல பருப்பு வேகலன்னு சண்டை வரப்ப நான் இததான் சொல்றேன், எடுபடல.

காவேரிப்பட்டணம்: பழைய குக்கர்ல கம்ப்ரஸர் குடுத்து பிரஷர் பாட் (ரெசின்ல இருக்கற பபுள காத்தழுத்தத்துல அமுக்கற பாத்திரம்) ஆக்கலாமா?

கூடாது. குக்கர் விசில் அடிக்கறதே 15 பிஎஸ்ஐ கிட்ட, ரெசினுக்கு வைக்கறது 40ல இருந்து 60. மூடி பறந்தா மூஞ்சிலதான் வரும். பிரஷர்ல வார்க்கப்போற மோல்டயும் பிரஷர்லயே ஊத்தி காய வைக்கணும், இல்லன்னா சிலிக்கான்ல மாட்டின காத்து அமுங்கி பொம்மை மேல பரு பருவா வரும்.

பாலக்கோடு: வாங்கின பொம்மையில இடுப்புகிட்ட கோடு ஓடுது. திருப்பி கேக்கலாமா?

நகத்த குறுக்க ஓட்டி பாருங்க. லேசா தட்டுச்சுன்னா அது மோல்டோட ரெண்டு பாதியும் சேர்ற எடம், மோல்டு லைன், கத்தி முதுகால சுரண்டினா போயிடும். காகிதம் மாதிரி நீட்டிட்டு இருந்தா பிசிறு, வெட்டி எறிங்க. நகம் படி ஏறுற மாதிரி ஏறி, முன்பக்கமும் பின்பக்கமும் ஒண்ணோட ஒண்ணு சேராம மூக்கே ரெண்டா நிக்குதுன்னா மோல்டோட ரெண்டு பாதியும் நகந்திருக்கு. அதுக்கு வைத்தியம் கிடையாது, போட்டோ எடுத்து மாத்தி குடுக்க சொல்லுங்க. சுரண்டும்போது மாஸ்க்.

அரூர்: வாள் வளைஞ்சிருக்கு.

கை பொறுக்காத வெந்நீர்ல அரை நிமிஷம், நிமித்தி பிடிச்சு பச்சத்தண்ணியில முக்கு.

ஊத்தங்கரை: 3டி பிரிண்ட் மேல பிளாட்டினம் சிலிக்கான் ஊத்தினேன், ஒட்டின பக்கம் ஜவ்வா நிக்குது.

பிரிண்ட் ரெசின் முழுசா இறுகல, அது சிலிக்கானயும் இறுக விடல. நல்லா கழுவி, யூவி லைட்ல வெச்சு, மேல ரெண்டு கோட் கிளியர் வார்னிஷ் அடிச்சு அப்புறம் ஊத்து. லேடெக்ஸ் கிளவுஸ் போட்டு தொட்டாலும் இதே கதிதான்.

பென்னாகரம்: பெயிண்ட் உரியுது.

சோப்பு போட்டு பழைய பிரஷ்ஷால கழுவல, பொம்மை மோல்டுல ஒட்டாம வர தடவற மோல்டு ரிலீஸ் அப்படியே இருக்கு.

போச்சம்பள்ளி: பெயிண்ட் ஒட்டல அண்ணா.

மேல.

மத்தூர்: பிளாஸ்டிக் சிமென்ட் ஒட்டல, பெயிண்டும் ஒட்டல.

சிமென்ட் பாலிஸ்டைரின உருக்கி ஒட்டறது, ரெசின் அதுல உருகாது, ஃபெவிக்விக் போடு. பெயிண்டுக்கு மேல மேல பாரு.

பேர் வேண்டாம்: கம்பெனி பொம்மைய காப்பி வார்த்து விக்க மோல்டு செஞ்சு தருவீங்களா?

மாட்டேன்.

கிரானைட் பாலிஷ் பட்டறை, கிருஷ்ணகிரி: நாங்க கல்லுல விரிசலுக்கு ஊத்தற எபாக்ஸி ஆகுமா?

ஆகும், ஆனா மறுநாள் வரைக்கும் மோல்ட தெறக்க முடியாது. மொத்தமா ஊத்தினா சூடு ஏறும், கனமான பீடத்துக்கு ரெண்டு தடவையா ஊத்துங்க. காஞ்சத தேய்க்கறப்ப வர தூளுக்கு கல்லுத்தூளுக்கு போடற மாஸ்க்கே போதும்.

ராயக்கோட்டை: குக்கர்ல கம்மி பிரஷர் மட்டும் வெச்சா?

வேண்டாம்னா வேண்டாம்!

தேன்கனிக்கோட்டை: அண்ணா, பம்ப் 26 சொச்சத்துலயே நிக்குது. போச்சா?

கிருஷ்ணகிரி சார், இவருக்கு நீங்களே சொல்லிடுங்க.