பெரிய பார்சல்களைச் சைக்கிளில் கட்டுவது பற்றி

தம்பி, பள்ளத்தூர் பக்கம் புதுசா ஏபிபிஎம் (கிராமக் கிளை அஞ்சலகத்தில் தபால் கொண்டுபோய்க் கொடுக்கிற உதவி போஸ்ட்மாஸ்டர்) ஆகியிருக்கீங்க, ஒரே நாளில் மூணு பெரிய பெட்டி வந்து சைக்கிள் சாஞ்சிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க. அடிபடலையே? அதுதான் முதல்ல.

எல்லாத்தையும் ஒரே நடையில் கொண்டுபோக நினைக்காதீங்க. ஸ்பீடு போஸ்ட்டில் 35 கிலோ வரை அனுப்பலாம். அந்த எடை சைக்கிள் கேரியருக்கு ஆகாது. நானும் ஆரம்பத்தில் ஒரு பெட்டியைத் தனியாத் தூக்கி, பத்து நாள் குனிய முடியாமல் கிடந்தேன்.

தபால் பையைப் பிரிச்சதுமே பெட்டிமேல் இருக்கிற நம்பருக்குப் போன் போடுங்க. நம்ம செட்டிநாட்டு ஊரில் இது ரொம்ப முக்கியம். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு பூட்டியிருக்கும், காவக்காரர் பின்கட்டில் இருப்பார். எந்த வாசல்னு கேட்காமப் போனா, பாரத்தோட ஒரு தெருவையே சுத்தணும். வீட்டு ஆச்சி சென்னையில் இருந்தா, யார் வாங்கிக்கலாம்னு எழுத்தில் வாங்கிக்குங்க. திண்ணையில் மட்டும் வச்சிட்டு வராதீங்க. போன் போட்டாலே பாதிப் பேர் "நாங்களே வண்டி எடுத்து வந்து வாங்கிக்கிறோம்"பாங்க.

கட்டும்போது கனமானது கீழே, கேரியரோட ஒட்டி. கயிறு வழுக்கும், பழைய ட்யூபைக் கீறிக் கட்டுங்க, அசையாது.

தினமும் இப்படி வந்தா, தேதி, எண்ணிக்கை, எடை எல்லாம் எழுதி மெயில் ஓவர்சியரிடம் (கிளை அஞ்சலகங்களை மேற்பார்க்கிறவர்) கொடுங்க, நகல் ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும். வாயால் சொன்னது நிக்காது.